குத்தகைக்கு விட்ட நிலமும் ஜி.எஸ்.டி.யும்: நில உரிமையாளர் கவனிக்க வேண்டியவை

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பணம் வாங்கும் விவசாயி ஜி.எஸ்.டி. கட்ட வேண்டுமா என்று கேட்டால், "விவசாயத்துக்குத்தான் வரியே கிடையாதே" என்ற பதில் உடனே வரும். அந்தப் பதில் பாதிதான் சரி. விவசாய வருமானத்துக்கு வருமான வரிச் சட்டம் தரும் விலக்கையும் ஜி.எஸ்.டி. தரும் விலக்கையும் பலர் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு சட்டங்கள், அளவுகோல்களும் வேறு. ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை நிலம் யாருடையது, பட்டாவில் நஞ்சையா புஞ்சையா என்பதெல்லாம் முடிவான கேள்விகள் அல்ல. குத்தகைக்கு எடுத்தவர் அந்த நிலத்தில் என்ன செய்கிறார் என்பதே முடிவான கேள்வி.

தமிழ்நாட்டில் 2007 ஜனவரி முதல் நடைமுறையில் இருந்த மதிப்புக் கூட்டு வரி சரக்குகளின் விற்பனைக்கானது. நிலக் குத்தகையை அது தொடவில்லை. குத்தகை மத்திய அரசின் சேவை வரியின் கீழ் வந்தது. 2012 ஜூலை முதல் அந்தச் சட்டத்தில் இருந்த விலக்குப் பட்டியல், பயிர்த்தொழிலுக்கான நிலக் குத்தகையை வரிக்கு வெளியே வைத்திருந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது அதே வாசகம் ஏறக்குறைய மாறாமல் புதிய அறிவிக்கைக்குள் வந்து சேர்ந்தது.

முதலில் சட்டத்தின் அடித்தளத்தைப் பார்த்துவிடலாம். நிலத்தை விற்பது ஜி.எஸ்.டி. சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி சரக்கும் அல்ல, சேவையும் அல்ல. ஆகவே அதற்கு வரி இல்லை. ஆனால் நிலத்தைக் குத்தகைக்கு விடுவது இரண்டாம் அட்டவணைப்படி ஒரு சேவை. பணமாக வாங்கினாலும், வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு விட்டு மூட்டைக் கணக்கில் நெல்லாக வாங்கினாலும் சட்டத்தின் பார்வையில் இரண்டும் கைம்மாறுதான், அதாவது சேவைக்கு ஈடாகக் கிடைக்கும் பிரதிபலன்தான். எனவே குத்தகை வரிக்குள் வந்துவிட்டு, அதன்பின் ஒரு விலக்கின் வழியாக வெளியேறுகிறது. அந்த விலக்கின் நிபந்தனை பொருந்தாவிட்டால் வெளியே செல்ல வழியில்லை.

அந்த விலக்கு 28.06.2017 தேதியிட்ட 12/2017 எண் மத்திய வரி விகித அறிவிக்கையில் 54ஆம் வரிசையில் இருக்கிறது. உணவு, நார், எரிபொருள், மூலப்பொருள் போன்றவற்றுக்காகத் தாவரங்களைப் பயிரிடுவது, குதிரை தவிர்த்த பிற உயிரினங்களை வளர்ப்பது ஆகியவற்றோடு தொடர்புடைய சேவைகளை அது பட்டியலிடுகிறது. அவற்றுள் ஒன்று, வேளாண் இயந்திரங்களையோ காலி நிலத்தையோ, அந்த நிலத்தின் பயன்பாட்டுக்குத் துணையான கட்டுமானத்தோடும் அது இல்லாமலும், வாடகைக்கோ குத்தகைக்கோ விடுவது. கிணறு, மோட்டார் அறை, களம், மாட்டுக்கொட்டகை போன்றவற்றை நிலத்தோடு சேர்த்து விட்டாலும் விலக்கு கெடாது. நெல், கரும்பு, வாழை, மஞ்சள் ஆகியவற்றோடு இறால் பண்ணையும் கோழிப் பண்ணையும் இதில் அடங்கும். குதிரைப் பண்ணை அடங்காது.

குத்தகைக்கு எடுப்பவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற ஒரு விதை நிறுவனமாகவே இருந்தாலும், அது அந்த நிலத்தில் பயிர் செய்யுமானால் விலக்கு அப்படியே இருக்கும். நில உரிமையாளர் தாமே உழுது பயிரிடுபவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. சட்டத்தின் 23ஆம் பிரிவு "விவசாயி" பதிவு பெறத் தேவையில்லை என்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குத் தன் உழைப்பாலோ, குடும்பத்தார் உழைப்பாலோ, தன் மேற்பார்வையில் உள்ள கூலியாட்களாலோ பயிர் செய்பவர் என்று பொருள். சலுகையும் அவர் விளைவித்ததை விற்பதற்கு மட்டுமே. நிலத்தை விட்டுக் குத்தகை வாங்கும்போது அந்தச் சலுகை துணைக்கு வராது. அங்கே காப்பது 54ஆம் வரிசைதான்.

மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டிருப்பதாகச் சொல்பவர்கள் உண்மையில் செய்வது பெரும்பாலும் மரத்தில் உள்ள மகசூலை வியாபாரிக்கு மொத்தமாக விற்பது. தோப்பைப் பராமரிப்பவர் உரிமையாளரே. பறித்து ஏற்றிக்கொண்டு போவது மட்டும் வியாபாரியின் வேலை. இதைத் தன் விளைபொருளின் விற்பனையாகவே பார்க்க வேண்டும். புதிய மாம்பழத்துக்கு வரி இல்லை என்பதால் கையில் வரும் பணத்தில் மாற்றம் ஏதும் இருக்காது. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதும் சொல் நடப்பதற்குப் பொருந்தியிருப்பது நல்லது.

இனி வரி எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். கைப்பேசிக் கோபுரம், சூரிய மின் நிலையம், காற்றாலை, பெட்ரோல் பங்க், லாரி நிறுத்தம், செங்கல் சூளை, படப்பிடிப்பு, பொருட்காட்சி ஆகியவற்றுக்கு விடப்படும் நிலம் வருவாய்க் கணக்கில் விளைநிலமாகவே இருந்தாலும், அந்த வாடகை பயிர்த்தொழிலோடு தொடர்புடைய சேவை ஆகாது. அதற்கு மத்திய வரி 9, மாநில வரி 9 என மொத்தம் 18 விழுக்காடு. பத்து ஏக்கரில் ஒன்பதரை ஏக்கர் சாகுபடிக்கும் மீதி கோபுரத்துக்கும் போயிருந்தால் ஒன்பதரை ஏக்கருக்கு விலக்கு, மீதிக்கு வரி. ஆகவே இரண்டையும் ஒரே பத்திரத்தில் ஒரே தொகையாக எழுதிவிடாமல் தனித்தனி ஒப்பந்தமாக்கிக்கொள்ள வேண்டும்.

கிடங்கு விஷயத்தில் இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டும். மற்றவர் நெல்லைத் தன் கிடங்கில் வாங்கி வைத்து, அதற்குப் பொறுப்பேற்று, மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்கினால் அது விளைபொருள் சேமிப்புச் சேவை; அதற்கும் 54ஆம் வரிசையில் விலக்கு உண்டு. சாவியை வியாபாரி கையில் கொடுத்துவிட்டு மாதம் இவ்வளவு என்று வாங்கினால் அது கட்டட வாடகை. உள்ளே இருப்பது நெல்லாகவே இருந்தாலும் விலக்கைக் கோருவது கடினம். சேமிப்பு விலக்கிலும் ஒரு வரம்பு உண்டு: வெல்லம், தேயிலைத் தூள், உடைத்த பருப்பு, பதப்படுத்திய மசாலாப் பொருள்கள் ஆகியவை "விளைபொருள்" அல்ல என்று 2017 நவம்பரில் வந்த சுற்றறிக்கை தெளிவாக்கிவிட்டது.

டிராக்டரை உழவுக்கு வாடகைக்கு விட்டால் விலக்கு. அதே டிராக்டர் டிப்பரோடு செங்கல் ஏற்றப் போனால் இந்த விலக்கு இல்லை.

வாடகை வரிக்கு உட்பட்டது என்பதாலேயே நில உரிமையாளர் உடனே பதிவு பெற வேண்டும் என்று பொருள் இல்லை. தமிழ்நாட்டில் சேவை வழங்குபவருக்கான வரம்பு ஒரு நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய் மொத்த விற்றுமுதல். விவசாயிகள் வழுக்கி விழும் இடம் இந்த "மொத்த விற்றுமுதல்" என்ற சொல்தான். ஒரே பான் எண்ணின் கீழ் வரும் வரியுள்ள வரவுகளோடு விலக்குப் பெற்ற வரவுகளும் அதில் சேரும். முழுக்க முழுக்க விலக்குப் பெற்றவற்றை மட்டுமே வழங்குபவருக்கு எத்தனை லட்சம் வந்தாலும் பதிவு தேவையில்லை. ஆனால் வரியுள்ள வரவு சிறிதளவு கலந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் தாமே பயிரிட்ட பச்சை மஞ்சளையும் வாழையையும் விற்ற வகையில் 14 லட்சம், மீதி நிலத்தைச் சாகுபடிக்குக் குத்தகை விட்ட வகையில் 5 லட்சம், சாலையோரத் துண்டு நிலத்தைப் பதிவு இல்லாத ஒரு கட்டுமானப் பொருள் வியாபாரிக்கு விட்ட வகையில் 3 லட்சம் வாங்குகிறார். முதல் இரண்டு மட்டும் என்றால் பதிவும் இல்லை, வரியும் இல்லை. மூன்றாவது சேர்ந்ததும் மொத்தம் 22 லட்சம், பதிவு கட்டாயமாகிறது. இனி ஆண்டு முழுவதும் பதிவில் இருக்கும்போது அந்த 3 லட்சத்துக்கு மட்டும் 18 விழுக்காடு, அதாவது 54,000 ரூபாய் வரி வரும். மற்ற 19 லட்சத்துக்கு இல்லை. வாடகையில் வரியும் அடக்கம் என்று ஒப்பந்தம் சொன்னால் கணக்கு மாறும்: 3 லட்சத்தை 118 பங்காக்கி அதில் 18 பங்கு, அதாவது ஏறக்குறைய 45,763 ரூபாய், உரிமையாளரின் பையிலிருந்தே போகும். "வாடகைக்கு மேல் ஜி.எஸ்.டி. தனி" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டவர்கள் இழப்பது இந்தப் பணத்தைத்தான்.

வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாள்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நிதியாண்டு முடியட்டும், ஆடிட்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதில் பயனில்லை; காலம் கடந்து கட்டும் வரிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி சேரும்.

குத்தகைக்கு எடுப்பவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராகவும் நில உரிமையாளர் பதிவு இல்லாதவராகவும் இருந்தால் வேறு விதி வருகிறது. 2024 அக்டோபர் 10 முதல், குடியிருப்பு அல்லாத அசையாச் சொத்தின் வாடகைக்கு இத்தகைய நிலையில் வரியைக் கட்டும் பொறுப்பு வாடகை கொடுப்பவருக்கே மாற்றப்பட்டது. இதை ரிவர்ஸ் சார்ஜ் என்கிறார்கள். சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு விழுக்காட்டை வரியாகக் கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் பின்னர் இதிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். ஆகவே கைப்பேசிக் கோபுர நிறுவனம் பதிவு இல்லாத விவசாயிக்கு வாடகையை முழுதாகக் கொடுத்துவிட்டு, 18 விழுக்காட்டைத் தானே அரசுக்குக் கட்ட வேண்டும். அந்த வரியை வாடகையில் பிடித்துக்கொள்ள முயன்றால், ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வாசகம் இருக்கிறதா என்று கேளுங்கள். வருமான வரிக்காகப் பிடிக்கும் டி.டி.எஸ். வேறு; அதைப் பான் கணக்கில் திரும்பப் பார்க்க முடியும். பதிவு இல்லாதவர் ரசீதில் ஜி.எஸ்.டி. என்று எழுதி வசூலிக்கவே கூடாது. வசூலித்தால் அது அரசுக்குச் சேர வேண்டிய பணம்.

உரக்கடையோ அரிசி ஆலையோ நடத்தி ஏற்கெனவே பதிவு வைத்திருக்கும் விவசாயிக்கு 20 லட்சம் என்ற வரம்பின் நிழல் கிடையாது. பதிவு பான் எண்ணோடு ஒட்டியது. ஆகவே கோபுர வாடகையின் முதல் ரூபாய்க்கே அவர் வரி வசூலித்துக் கட்ட வேண்டும். அவருடைய சாகுபடிக் குத்தகைக்கு வரி இல்லை என்றாலும் ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவத்தில் விலக்குப் பெற்ற வரவாக அதைக் காட்ட வேண்டும். கடைக்கும் நிலத்துக்கும் பொதுவான செலவுகளில் எடுத்த உள்ளீட்டு வரியில் (வாங்கும்போது கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகை) அதற்கேற்ற பங்கைத் திருப்பிவிடவும் வேண்டும்.

நிலப் பயன்பாடே எல்லாவற்றையும் தீர்மானிப்பதால், அதை நிரூபிக்கும் காகிதம்தான் விலக்கின் உயிர். என்னிடம் வந்த ஒரு பத்திரத்தில் "மேற்படி நிலத்தைக் குத்தகைதாரர் தமக்கு வேண்டிய விதத்தில் அனுபவித்துக்கொள்ளலாம்" என்று இருந்தது. உண்மையில் அங்கே விளைந்தது கரும்பு. ஆனால் பத்திரத்தைப் படிக்கும் அதிகாரிக்கு அதில் கரும்பு தெரியாது. அந்த இடத்தில் இப்படி எழுதலாம்: "மேற்படி நிலத்தைக் குத்தகைதாரர் பயிர்ச் சாகுபடிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்; வேறு பயன்பாட்டுக்கு மாற்றவோ உள்குத்தகைக்கு விடவோ உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்." ஒவ்வோர் ஆண்டும் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து அடங்கல் நகல் வாங்கி அதோடு வைத்துக்கொள்ளுங்கள். பட்டாவும் சிட்டாவும் நிலம் யாருடையது என்று சொல்லும். அந்தப் பசலியில், அதாவது வருவாய்த் துறைக் கணக்காண்டில், என்ன பயிர் நின்றது என்று சொல்வது அடங்கல்தான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தத்தை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யவும் வேண்டும்.

முன்பணம் பற்றி ஒரு சொல். குத்தகை முடியும்போது திருப்பித் தரவேண்டிய தொகை, அது வாடகையில் கழிக்கப்படாதவரை கைம்மாறு ஆகாது. ஆகவே விற்றுமுதலில் சேராது. வாடகைப் பாக்கிக்காக அதில் எடுத்துக்கொண்ட தொகை, எடுத்துக்கொண்ட நாளில் வரவாகிவிடும். கோபுரத்துக்கோ கிடங்குக்கோ நிலம் விட்டவர்கள் 20 லட்சக் கணக்கைப் போடும்போது அந்த நாளையும் குறித்துவைக்க வேண்டும்.