ஐஸ்கிறீம் மூடியில் கொழும்புத் தூசு: தரம் 8க்கு ஒரு வளி மாசுப் பாடம்

போன வருஷம் வளி மாசடைதல் படிப்பித்தபோது, புகைபோக்கிப் படமொன்றைக் காட்டிப் பாடத்தை முடிக்கப் பார்த்தேன். பின்வாங்கிலிருந்து ஒருவன், “மிஸ், எங்கட பக்கம் பாக்டரி இல்லையே, அப்ப எங்கட காத்து சுத்தமா?” என்றான். வாசலில் ஒரு பஸ் கறுப்புப் புகையைக் கக்கியபடி நின்றது. அவனுக்குப் பதில் சொல்ல இரண்டு தவணை எடுத்தது. நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

1. தூசு பிடிக்கும் பொறி செய்தல்

வெள்ளை ஐஸ்கிறீம் டப்பா மூடிகள் ஐந்து, வஸ்லின், அழியாத மார்க்கர். பிறிஸ்டல் போர்ட் வேண்டாம். கொழும்பு ஈரத்தில் இரண்டாம் நாளே ஊறி வளைந்துவிடும். செலோடேப்பைத் திருப்பி ஒட்டும் முறையும் எனக்குச் சரிவரவில்லை.

மூடியில் 1 சென்ரிமீற்றர் கட்டங்கள் 25 கீறுங்கள். அதற்குப் பிறகுதான் வஸ்லின். மாறிச் செய்தால் மார்க்கர் எழுதாது. வஸ்லினை மெல்லிசாகப் பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் வெயிலில் உருகி வழியும்.

2. வைக்கும் இடம்

வீதியோர மதில், உள் விறாந்தை, கன்டீன் பின்பக்கம், மேல்மாடி யன்னல். மழை படாத இடமாகப் பார்த்து திங்கள் காலை வைத்து வியாழன் எடுங்கள்.

ஐந்தாவது மூடி எங்கே? நான் சறுக்கியது இங்கேதான். முதல் முறை நாலு மூடிதான் வைத்தேன். விறாந்தை மூடியிலும் நிறையப் புள்ளிகள். “உள்ளுக்கும் இவ்வளவு புகையா!” என்று பிள்ளைகள் பயந்தார்கள். அடுத்த முறை ஒரு மூடியில் வஸ்லின் பூசி, உடனே டப்பாவுக்குள் போட்டு அலுமாரியில் பூட்டினேன். திறந்து எண்ணினால் அதிலும் கட்டத்துக்கு மூன்று, நாலு புள்ளி! எங்கள் விரலிலும் மேசையிலும் இருந்த சோக்குத் தூள். அந்த எண்ணிக்கையை மற்ற மூடிகளிலிருந்து கழித்த பிறகுதான் வீதி மூடிக்கும் விறாந்தை மூடிக்கும் வித்தியாசம் தெரிந்தது.

3. எண்ணுதல்

எல்லாக் கட்டத்தையும் எண்ண வேண்டாம், பாடவேளை போதாது. 1 முதல் 25 வரை சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்து கட்டம் எடுங்கள். பிள்ளைகளிடம் தெரிவை விட்டால் ஆகக் கறுப்பான கட்டத்தைத்தான் எடுப்பார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியால் எண்ணி, சராசரி காணுங்கள்.

4. மூடியில் சிக்காதது

இதைச் சொல்லாவிட்டால் பாடம் பிழையாகவே முடியும். மூடியில் கண்ணுக்குத் தெரிவது பருமனான தூசு. நுரையீரலின் அடிவரை போகும் பி.எம். 2.5 துணிக்கையின் விட்டம் 2.5 மைக்ரோமீற்றர் அல்லது அதற்கும் குறைவு. தலைமுடித் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூடி வெள்ளையாக இருப்பதால் காற்று சுத்தம் என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த நாலு நாளும் போனில் கொழும்பின் வளித் தரச் சுட்டெண்ணை (காற்று எவ்வளவு மோசம் என்று காட்டும் எண், AQI) பார்த்துக் கொப்பியில் குறிக்கச் சொல்லுங்கள்.

நானே பிழை விட்ட இன்னொரு இடம் இது. திரையில் 72 என்று இருந்தது. அதை ‘கனமீற்றருக்கு 72 மைக்ரோகிராம்’ என்று பலகையில் எழுதிவிட்டேன். சுட்டெண் வேறு, செறிவு (ஒரு கனமீற்றர் காற்றில் உள்ள துணிக்கைகளின் நிறை) வேறு. அமெரிக்க அளவுகோலில் பி.எம். 2.5க்கான சுட்டெண் 72 என்றால் செறிவு சுமார் 20 மைக்ரோகிராம்தான். இலங்கையின் 2008ஆம் ஆண்டு நியமப்படி 24 மணித்தியாலத்துக்கு 50 வரை அனுமதி. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 15. ஒரே 20 இங்கே பாஸ், அங்கே பெயில். என் வகுப்பு ஆகக் கூடுதலாகச் சண்டை பிடித்தது இதற்குத்தான். எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் சண்டை பிடிக்க விடுங்கள்.

5. காற்று வரும் திசை

2022 டிசம்பர் 9 அன்று மோசமான காற்றால் பள்ளிக்கூடங்களை மூடியது பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். அன்றைக்கு வீதியில் பஸ்கள் திடீரென்று பெருகவில்லை. வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நின்றது. இந்தியப் பக்க மாசு காற்றோடு இங்கே வந்தது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் தரை தாண்டி வரும் காற்று, தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கடலிலிருந்து வரும் காற்று: படத்தில் அம்புக்குறி போட்டாலே விளங்கிவிடும். முடிந்தால் பெப்ரவரியில் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை மூடி வையுங்கள்.

நுளம்புத்திரி கொளுத்திப் புகை காட்டும் யோசனையை ஒரு சக ஆசிரியர் சொன்னார். வகுப்பில் இழுப்பு உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள்.

பிற்சேர்க்கை 1: வெள்ளவத்தையிலிருந்து ஒரு ஆசிரியை, கடற்கரைப் பக்க மூடியில்தான் கூடுதல் புள்ளி என்று எழுதியிருந்தார். பெரும்பாலும் மணலாக இருக்கும். பளபளக்கும் துணிக்கையையும் கறுப்புத் துணிக்கையையும் வேறு வேறாக எண்ணச் சொன்னேன்.

பிற்சேர்க்கை 2: “டீவியில் சென்னைக்கு 83 போட்டான், கொழும்பு 137. நாங்கள் அவ்வளவு மோசமா?” என்று ஒரு பிள்ளை கேட்டதாம். இந்தியா தன் சொந்த அளவுகோலைப் பாவிக்கிறது. 50 மைக்ரோகிராம் பி.எம். 2.5 இந்தியக் கணக்கில் ஏறத்தாழ 83, அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ 137. இரண்டும் ஒரே காற்றாகவே இருக்கலாம். ஒப்பிடுமுன் எந்த நாட்டு அளவுகோல் என்று கொப்பியின் மேல் மூலையில் எழுதச் சொல்லுங்கள்.