கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு நம்பகமான சப்ளையரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மும்பை மனோரியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைக்க மாநகராட்சி திட்டமிட்டுள்ளது. முதல் கட்டத்தில் நாளொன்றுக்கு 20 கோடி லிட்டர். செம்பூர், மாட்டுங்கா பக்கம் இத்துறையின் கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: எது இல்லாவிட்டால் ஆலை நிற்கும் என்று பட்டியலிடுங்கள். விலையை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். 5 மைக்ரான் வடிகட்டி (கார்ட்ரிட்ஜ்) மலிவானதுதான்; அது தீர்ந்துபோனால், உப்பைப் பிரிக்கும் மெல்லிய சவ்வான மெம்பிரேனுக்குள் தண்ணீர் விட முடியாது. குளோரினை நீக்கும் சோடியம் மெட்டாபைசல்பைட்டும் அப்படித்தான். மெம்பிரேனின் பாலிஅமைடு படலம் குளோரினைத் தாங்காது.

இரண்டாம் படிதான் முக்கியம்: விற்பவரை விட்டுவிட்டு, பொருள் பிறக்கும் இடத்தைக் கேளுங்கள். இரண்டு விற்பனையாளர்களிடம் கொட்டேஷன் வாங்கிவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இருவரும் ஒரே வெளிநாட்டு ஆலையிலிருந்து, ஒரே கப்பல் வழியில் நவசேவா துறைமுகத்துக்குக் கொண்டுவந்தால் உங்களுக்கு இருப்பது ஒரே சப்ளையர்தான். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பிய சரக்குகள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர வேண்டியிருந்தது. ஆகவே உற்பத்தி ஆலை, கப்பல் வழி, இந்தியாவில் உள்ள கையிருப்பு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, கிடங்கை நேரில் பாருங்கள். பதப்படுத்தும் கரைசலில் நனைத்து உறையிட்டு வரும் மெம்பிரேன் உலரக் கூடாது. 35 டிகிரிக்கு மேல் வைப்பதும் நல்லதல்ல. மே மாதம் தகரக் கூரையின் கீழ் அடுக்கி வைத்திருந்தால், அந்தக் கையிருப்பை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். உறையில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உயர் அழுத்தக் குழாய்களுக்கு 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு போதாது. கடல்நீர் அதில் குழி குழியாக அரித்துவிடும். அரிப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் சூப்பர் டூப்ளெக்ஸ் ரக எஃகைக் கேளுங்கள்; சான்றிதழில் உள்ள ஹீட் நம்பரும் (எஃகு உருக்கிய தொகுதியின் எண்) குழாயில் பொறித்திருப்பதும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

கடைசியாக, மாற்று சப்ளையருக்கு இப்போதே சிறிய ஆர்டர் கொடுங்கள். 8 அங்குல மெம்பிரேன் எல்லா முன்னணி நிறுவனங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனாலும் ஓட்டமும் உப்பு நீக்கமும் வேறுபடும் என்பதால், மாற்றுவதற்கு முன் வடிவமைப்புப் பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். சப்ளையர் சிறுதொழில் நிறுவனமாக இருந்தால், ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருந்தாலும் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. அந்தத் தேதியை உங்கள் நாட்காட்டியில் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள்.