மனித மேம்பாட்டுக் குறியீடு: ஒப்பிடும்போது எங்கே தவறுகிறோம்?

ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து ஒரு நாட்டின் நிலையை 0 முதல் 1 வரை அளக்கும் எண்தான் மனித மேம்பாட்டுக் குறியீடு. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் இந்தியாவின் மதிப்பு 0.644, இடம் 134. 2025 மே மாத அறிக்கையில் 0.685, இடம் 130. கழித்துப் பார்த்தால் 0.041 ஏற்றம். "ஒரே வருஷத்தில் இவ்வளவா!" என்று சந்தோஷப்படத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 2024 அறிக்கை சொன்னது 2022-இன் நிலையை. 2025 அறிக்கைக்குள்ளேயே 2022-ஆம் ஆண்டுக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்: 0.676. அப்படியானால் உண்மையான ஏற்றம் 0.009தான். மற்றதெல்லாம் கணக்கில் செய்த திருத்தம். புதிய தரவு வந்தால் பழைய ஆண்டுகளின் எண்களையும் மாற்றிவிடுவார்கள். அதனால் இரண்டு அறிக்கைகளின் எண்களை ஒருபோதும் கழிக்காதீர்கள். புதிய அறிக்கையில் இருக்கும் பழைய ஆண்டுகளின் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 2025 அறிக்கை சொல்வது 2023-இன் நிலையை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இந்த இடத்தில்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

இடத்தை மட்டும் பார்ப்பதும் தவறு. நாம் முன்னேறினாலும் பட்டியலில் நமக்குக் கீழே இருக்கும் நாடு இன்னும் வேகமாக முன்னேறி நம்மைத் தாண்டினால் நம் இடம் இறங்கும்.

வருமானக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பணம் மட்டுமே வளர்ச்சியில்லை என்று காட்டத்தான் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் 1990-இல் இதைக் கொண்டுவந்தார். அதனால் வருமானத்தை அப்படியே சேர்ப்பதில்லை, மடக்கை (logarithm) எடுக்கிறார்கள். 1,000 டாலர் 2,000 ஆவதற்கும் 10,000 டாலர் 20,000 ஆவதற்கும் ஒரே மதிப்பு. 75,000-க்கு மேல் எவ்வளவு போனாலும் சேராது. அந்த டாலரும் வங்கியில் மாற்றுகிற டாலர் இல்லை, உள்ளூர் விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்தது. 2025 அறிக்கைப்படி இந்தியாவுக்கு அது தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 9,047. சந்தை மாற்று விகிதத்தில் பார்த்தால் சுமார் 2,500தான். இரண்டையும் கலந்து ஒப்பிடக் கூடாது.

சராசரி ஏற்றத்தாழ்வை மறைத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுத்தால் இந்தியாவின் 0.685 சுமார் 0.475 ஆகிவிடுகிறது. எனக்கு மிகவும் வலிக்கிற எண் இதுதான்.

கல்வியில் இரண்டு எண்கள் உண்டு. இந்தியாவுக்கு 13 ஆண்டுகள் என்பது இன்று பள்ளியில் சேரும் குழந்தை இப்போதைய சேர்க்கை நிலவரப்படி எத்தனை ஆண்டு படிக்கும் என்ற எதிர்பார்ப்பு. 6.9 என்பது 25 வயது நிரம்பியவர்கள் சராசரியாக எத்தனை ஆண்டு படித்திருக்கிறார்கள் என்பது. புதிதாகப் பள்ளிகளைக் கட்டினாலும் இந்த 6.9 உடனே ஏறாது. நாற்பது வயதில் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன அக்கா இனிப் பள்ளிக்குத் திரும்புவது அரிது. இன்றைய ஒன்றாம் வகுப்புக் குழந்தை அந்தக் கணக்குக்குள் வர இன்னும் இருபது ஆண்டு ஆகும்.