காற்று விட்ஜெட்: நான் சறுக்கிய இடங்கள்

பாம்பனில் இருந்துகொண்டு டெஸ்க்டாப் விட்ஜெட் (கணினித் திரையின் ஓரத்தில் தகவல் காட்டும் சிறு நிரல்) எழுதிப் பழகுகிறவர் முதலில் கடிகாரம் செய்வார், அடுத்து காற்று. நானும் அப்படித்தான். லினக்ஸில் இப்படித் திரையில் தகவல் காட்டும் கான்கி என்ற மென்பொருள், கொஞ்சம் லுவா மொழி, கொஞ்சம் ஷெல் ஸ்கிரிப்ட். காற்றின் வேகம், திசை, அலை உயரம் மூன்றும் திரையின் வலது மூலையில் வரும். தகவல் ஓப்பன் மீட்டியோ என்ற வானிலை இணையச் சேவையிலிருந்து; வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு இலவசம். ஒரே ராத்திரியில் எழுதி முடித்தேன். அன்றிலிருந்து திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

முதல் தவறு அவசரம். கடிகாரம் ஓட வேண்டும் என்று விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்க வைத்திருந்தேன். காற்றையும் அதே வேகத்தில் கேட்டுவிட்டேன். நாளைக்கு 86,400 விநாடி. இலவச வரம்போ நாளைக்கு 10,000 அழைப்பு. மூன்று மணி நேரத்துக்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும், நாளைக்கு 96தான் ஆகும்.

இரண்டாவது, விட்ஜெட்டையே இணையத்துக்கு அனுப்புவது. நெட் இழுத்தடித்தால் கான்கி பதிலுக்காகக் காத்து நிற்கும். கடிகாரமும் கூடவே நின்றுவிடும். என் திரையில் ஒருநாள் வெகுநேரம் 6.12 ஆகவே இருந்தது. தகவலை எடுத்து ஒரு கோப்பில் போடும் வேலையைத் தனி ஸ்கிரிப்டாக்கி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானிடம் விடுங்கள். விட்ஜெட் அந்தக் கோப்பைப் படித்தால் மட்டும் போதும்.

இதைச் செய்தபோதுதான் பெரிய தவறைச் செய்தேன். நெட் இல்லாதபோது கோப்பு காலியாகி, திரையில் வெற்றிடம் வந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று, புதுத் தகவல் வராவிட்டால் பழையதையே வைத்துக்கொள்ளும்படி மாற்றினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் காலையில் வாசலில் கட்டியிருந்த கொடித்துணியெல்லாம் பறக்கிறது, திரையில் சாவகாசமாக 6 நாட் (கடலில் காற்றின் வேகத்தைச் சொல்லும் அலகு) என்று நிற்கிறது. எட்டிப் பார்த்த சித்தப்பா, “ஏன் தம்பி, உன் பெட்டிக்குள்ள காத்து வராதா?” என்றார். முந்தின நாள் ராத்திரியே நெட் போயிருந்தது.

வெற்றிடமாவது உண்மையைச் சொன்னது. பழைய எண் புதுசு போல நின்று ஏமாற்றியது. அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் அது எந்த நேரத்துக்கானது என்று போடுங்கள். ஒரு மணி நேரம் தாண்டினால் சாம்பல் நிறமாக்குங்கள். நேரத்தைக் கோப்பின் தேதியிலிருந்து எடுக்கக் கூடாது. சர்வர் பிழைச் செய்தி அனுப்பினால் தகவலை இறக்கித் தரும் கர்ல் கட்டளை சாதாரணமாக அதையும் சேமித்துவிடும்; கோப்பு புதுசாகவும் உள்ளே குப்பையாகவும் இருக்கும். தகவலுக்குள்ளேயே நேரம் வருகிறது, அதை எடுங்கள். நேர மண்டலம் சொல்லாமல் கேட்டால் அது கிரீன்விச் நேரமாக வரும், நமக்கு ஐந்தரை மணி நேரம் பிந்தியிருக்கும்.

அலகு அடுத்த பள்ளம். ஒரு சேவை மணிக்கு கிலோமீட்டரில் தரும், இன்னொன்று விநாடிக்கு மீட்டரில். விநாடிக்கு 10 மீட்டர் என்றால் மணிக்கு 36 கிலோமீட்டர், ஏறக்குறைய 19 நாட். வெறும் ‘10’ என்று போட்டால் பார்ப்பவர் இளங்காற்று என்று நினைப்பார்.

அம்புக்குறியையும் நான் தலைகீழாக வரைந்திருந்தேன். வானிலைத் தகவலில் திசை என்பது காற்று எங்கிருந்து வருகிறது என்பது. நம்மூர்ப் பேச்சும் அதேதானே? வாடை என்றால் வடக்கிலிருந்து, கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து. காற்று போகும் பக்கம் அம்பு காட்ட வேண்டுமானால் 180 பாகை கூட்ட வேண்டும். நான் அம்பையே எடுத்துவிட்டுப் பெயரை எழுதிவிட்டேன். அங்கேயும் ஒரு சிக்கல்: கான்கி எழுதும் விதத்தில் தமிழ் எழுத்து கோத்து வராது, ‘கொண்டல்’ உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக நின்றன. கடைசியில் பெயர்களைப் படமாகச் செய்து வைத்தேன்.

இடத்துக்கு ஒரே ஒரு புள்ளி கொடுப்பதும் நம் பக்கத்தில் சரிவராது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். போதாக்குறைக்கு, ஓப்பன் மீட்டியோவின் வானிலைக் கணிப்பு, நாம் தனியாகச் சொல்லாவிட்டால், வரைபடத்தில் நிலப்பகுதிக் கட்டத்தைத்தான் தேடி எடுக்கும். கடல் வேண்டும் என்று கேட்க வேண்டும். இப்போது என் விட்ஜெட்டில் இரண்டு வரி: வடகடல், தென்கடல்.

அப்புறம், காற்று குறைவாக இருந்தால் ‘போகலாம்’ என்று ஒரு பச்சை விளக்கும் வைத்திருந்தேன். கடலுக்குப் போவது மீன்வளத் துறை அறிவிப்பையும் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டையும் பார்த்து முடிவாகிற விஷயம். அந்த விளக்கை எடுத்துவிட்டேன்.