நெக்குக்கு ஒரு மரம், பாடிக்கு ஒரு மரம்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு எதையாவது பிரிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், என் தாய்மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் தச்சர். நான் சர்ச்சிலும் கச்சேரிகளிலும் பேஸ் வாசிக்கிறவன். அவருடைய பட்டறையில் இதுவரை மூன்று பேஸ் கிட்டார் செய்திருக்கிறேன். மூன்றாவதைத்தான் இப்போது மேடைக்கு எடுத்துப் போகிறேன். சொந்தமாகச் செய்ய நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "பாடிக்கு எந்த மரம் நல்லது?" என்றுதான். பாடி என்றால் கிட்டாரின் உடல், நெக் என்றால் அதிலிருந்து நீளும் கழுத்து. நெக்குக்கு என்ன மரம் என்று யாரும் கேட்பதில்லை. நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

ஏன் என்றால், சாதாரண நான்கு கம்பி செட்டை முறுக்கி ஸ்ருதிக்குக் கொண்டுவந்ததும் நெக்கின் மேல் விழும் இழுவிசை சுமார் 80 கிலோ. ஒரு ஆள் இரவும் பகலும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பது மாதிரி. என் முதல் நெக்கை, நன்றாகக் காய்ந்தது என்று ஒரு கடையில் சொல்லிக் கொடுத்த மகோகனிப் பலகையில் செய்தேன். பலகையைக் கையில் வாங்கியதுமே மாமா, "மாப்ள, இது இன்னும் பச்சை. கன்னத்துல வச்சுப் பாரு, சில்லுன்னு இருக்கும்" என்றார். வைத்துப் பார்த்தேன், சில்லென்றுதான் இருந்தது. ஆசையில் கேட்கவில்லை. ஐப்பசி மழை வந்தபோது நெக் முறுக்கிக்கொண்டது. வளைவு என்றால் உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியைத் திருகி நிமிர்த்தலாம். முறுக்கை எந்த ராடும் எடுக்காது. இரண்டு மாத வேலை போயிற்று.

சரி, மரத்துக்குப் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்குவது), ட்யூனர் (கம்பியை முறுக்கும் பிரடை), பிக்கப் (கம்பியின் அசைவை மின்சாரமாக்குவது), ட்ரஸ் ராடு நான்கையும் முதலில் வாங்கி மேசையில் வையுங்கள். அவற்றை அளந்துதான் படம் வரைய வேண்டும். படம் என்றால் சின்னதாக அல்ல; சார்ட் பேப்பரை ஒட்டி முழு அளவில்.

நெக்கின் நுனிப் பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரைக்கும் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. லியோ ஃபெண்டர் 1951-இல் ப்ரிசிஷன் பேஸுக்கு வைத்த நீளம் இது. இன்றைக்கும் பெரும்பாலான பேஸ்களுக்கு இதுதான் அளவு. கம்பி, பிரிட்ஜ் எல்லாம் இந்த நீளத்துக்குத்தான் எளிதாகக் கிடைக்கும் என்பதால் முதல் முயற்சியில் இதை மாற்ற வேண்டாம். ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டி) கணக்கு எளிது: மிச்சமிருக்கும் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட்டுக்கான தூரம் வரும். 864-க்கு முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 48.5 மி.மீ.; ஐந்தாவது 216.7, ஏழாவது 287.3, பன்னிரண்டாவது சரிபாதியில் 432, இருபதாவது 591.9. கணக்குப் போட்ட பிறகு எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால் ஒவ்வொரு தடவையும் விழும் முடியளவு பிசகு சேர்ந்து, மேல் ஃப்ரெட்டுகளில் ஸ்ருதி கெட்டுவிடும்.

இன்னொரு அளவையும் படத்திலேயே முடித்துவிடுங்கள். பாடியின் கனம் 44 மி.மீ., நெக் உட்காரும் குழி 16 மி.மீ., நெக்கின் அடிப்பகுதி ஃபிங்கர்போர்டோடு (நெக்கின் மேல் ஒட்டும், விரல் அழுத்தும் பலகை) சேர்த்து 25 மி.மீ. என்றால், ஃபிங்கர்போர்டு பாடிக்கு மேல் 9 மி.மீ. நிற்கும். அதற்கு மேல் ஃப்ரெட் உயரம், கம்பி ஓட இடைவெளி. உங்கள் பிரிட்ஜின் சேடில் (கம்பி உட்காரும் துண்டு) அந்த உயரத்துக்கு ஏறி இறங்குமா என்று இப்போதே பாருங்கள். மரத்தைக் குடைந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

இப்போது நெக் மரம். நான் தேடுவது மூன்று: காய்ந்திருக்க வேண்டும், நேராக ரேகை ஓட வேண்டும், விறைப்பாக இருக்க வேண்டும். மேற்கே ஹார்ட் மேப்பிள் மரத்தை எடுப்பதும் இதற்காகத்தான். எங்கள் ஊரில் அந்த இடத்தில் எனக்குக் கிடைத்தது பழைய பர்மா தேக்கு. செட்டிநாட்டு வீடுகளில் உத்திரமாகத் தலைமுறை தலைமுறையாக நின்ற மரம். சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடிந்தது. நரசிங்கன்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறவர்கள் பழைய வீட்டு ஆச்சா மரத்தைத் தேடிப் போவதும் இதே காரணத்தால்தான். புதுத் தேக்கு ஆகாது என்று சொல்லவில்லை. நிழலில் அடுக்கி, ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்ற கணக்கில் பொறுத்திருக்க முடிந்தால் அதுவும் நல்ல மரம்தான்.

உத்திர மரம் வாங்கினால் காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்த ஆணி ஒன்று இருந்தாலும் இழைப்புளி அலகு போய்விடும். அப்புறம் பலகையின் வெட்டு முகத்தைப் பாருங்கள். வளையங்கள் ஃபிங்கர்போர்டு முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். படுத்திருக்கும் பலகை ஈரத்துக்கு அதிகம் அசையும். கணு, வெள்ளை (வைரம் பாயாத வெளிப்பகுதி), ரேகை பக்கவாட்டில் ஓடிப் போவது, இதில் எது இருந்தாலும் நெக்குக்கு வேண்டாம்.

விறைப்பைக் கண்ணால் பார்க்க முடியாது. நான் செய்வது இது. ஒவ்வொரு மரத்திலிருந்தும் 6 செ.மீ. அகலம், 1 செ.மீ. கனத்தில் ஒரு பட்டை அறுக்கிறேன். 80 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஸ்டூல், அதன் மேல் பட்டை. நடுவில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேலில் பார்க்கிறேன். என் பர்மா தேக்கு 9 மி.மீ. இறங்கியது. பலாப் பட்டை 12. அன்றைக்கே பலாவை நெக்கிலிருந்து எடுத்து பாடிப் பக்கம் வைத்துவிட்டேன். மரத்தின் பெயரை விட இந்த ஸ்கேல் சொல்வதை நம்புங்கள். ஒரே மரத்தில் இரண்டு பலகை கூட ஒன்று போல் இருக்காது.

ஒற்றைப் பலகையை விட மூன்று பட்டை ஒட்டிய நெக் நம்பகமானது. நடுப் பட்டையை ரேகை மாற்றித் திருப்பி ஒட்டினால் ஒன்று முறுக்கப் பார்க்கும்போது மற்றது பிடித்துக்கொள்ளும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்துவிட்டு எபாக்ஸி போடுங்கள். சாதாரண வெள்ளைப் பசை நிரந்தர இழுவையில் மெல்ல நழுவும். நெக்குக்கு நான் பயன்படுத்துவதில்லை. ஒட்டியதும் இறுதி அளவுக்கு இழைத்துவிடாதீர்கள். சில மி.மீ. கூட வைத்து அறுத்து, இரண்டு வாரம் சுவரில் தொங்கவிடுங்கள். அறுத்ததும் மரம் ஒருமுறை அசையும். அந்த அசைவு முடிந்த பிறகு இழைத்தால் நேர் நேராகவே நிற்கும். தேக்குத் தூளும் ஈட்டித் தூளும் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது, முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள்.

ஃபிங்கர்போர்டுக்கு ஈட்டி, அதாவது ரோஸ்வுட், நம் மலைகளின் மரம். உலகம் முழுக்கப் பல கிட்டார்களில் இருப்பது இதுதான். 65 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், 7 மி.மீ. கனத்தில் ஒரு துண்டு போதும். வெட்டவும் ஏற்றிச் செல்லவும் வனத்துறைக் கட்டுப்பாடு உள்ள மரம் என்பதால் பில் கேட்டு வாங்குங்கள். 2017 முதல் ரோஸ்வுட் இனம் முழுவதுமே, அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் இருக்கிறது. கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம், வைரம் பாய்ந்த கருவேலம் இருக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் தாங்கிய மரம் ஃப்ரெட்டைத் தாங்காதா? என் மூன்றாவது பேஸில் அதுதான். வேங்கையையும் யோசித்தேன், ஈரம் பட்டால் சாயம் விடும் மரம், வியர்க்கும் விரலுக்கு வேண்டாம் என்று விட்டேன்.

பாடிக்கு வந்தால் கேள்வியே வேறு. இங்கே நான் பார்ப்பது எடை. ஒரு பேஸ் பாடி ஏறக்குறைய 4,800 கன செ.மீ. மரம். மளிகைக் கடைத் தராசில் ஒரு துண்டை நிறுத்து, கிராமை அதன் நீளம், அகலம், கனம் மூன்றையும் செ.மீ.-இல் பெருக்கி வந்த எண்ணால் வகுங்கள். 0.5 வந்தால் பாடி 2.4 கிலோ. 0.85 வந்தால் 4 கிலோவைத் தாண்டும். ஈட்டியில் பாடி செய்ய ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, மூன்று மணி நேரக் கச்சேரியை நினைத்துப் பார்க்க வேண்டும். 0.45-இலிருந்து 0.6 வரை எது வந்தாலும் எனக்குச் சம்மதம். மலைவேம்பு லேசு, ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும். தூங்குமூஞ்சி அகலமான பலகையாகக் கிடைக்கும், ரேகையும் அழகு. ஆனால் நன்றாகக் காய வேண்டும். மகோகனி நல்ல நடுத்தரம்.

நான் எடுத்தது பலா. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் நம் ஆட்கள் தேர்ந்தெடுத்த மரம். இழைக்கும்போது மஞ்சளாக இருப்பது வருடம் போகப் போகத் தேன் நிறத்துக்கு இறங்குகிறது. ஆனால் வீணைக் குடத்தில் பலா செய்யும் வேலையை இங்கே எதிர்பார்க்காதீர்கள். குடத்தில் மரமே காற்றை அசைக்கிறது. இங்கே பிக்கப்பின் காந்தம் கேட்பது கம்பியின் அசைவை. பாடி மரத்தால் வரும் வித்தியாசம், கம்பியும் பிக்கப் இருக்கும் இடமும் தரும் வித்தியாசத்துக்கு முன் மிகச் சிறிது. நெக் அப்படியல்ல. நெக் எந்த அதிர்வெண்ணில் ஆடுகிறதோ அங்கே கம்பியின் சக்தியை உறிஞ்சிக்கொள்ளும். பல பேஸ்களில் ஜி கம்பியின் (நான்கில் மெல்லியது) ஐந்து, ஆறு, ஏழாவது ஃப்ரெட் பக்கம் ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் செத்துப் போவது இதனால்தான்.

வடிவத்தில் அழகுக்கு முன் சமநிலை. பேஸ் நெக் நீளம், அதன் நுனியில் என் நான்கு ட்யூனர்கள் மட்டும் 400 கிராம். மேல் கொம்பு குட்டையாக இருந்தால் நெக் தரையைப் பார்த்துச் சாயும், இடது கை அதைத் தூக்கிப் பிடித்தே களைத்துவிடும். வாரை மாட்டும் பொத்தான் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேரே வரும்படி கொம்பை நீட்டுங்கள். நல்ல மரத்தில் கை வைக்கும் முன் பழைய பிளைவுட்டில் அதே வடிவத்தை அறுத்து, நெக்கை ட்யூனரோடு திருகி, நடுவில் அரிசிப் பையைக் கட்டிப் பாடியின் எடைக்குக் கொண்டுவாருங்கள். வாரைத் தோளில் போட்டு இரண்டு கையையும் விடுங்கள். நான் இப்படிப் பார்த்துத்தான் கொம்பை 3 செ.மீ. நீட்டினேன்.

மின்சார வேலை சிறியது: 250 கே பொட்டென்ஷியோமீட்டர் (ஒலியளவுக்கும் டோனுக்கும் திருகுவது) இரண்டு, 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, குழியின் உட்புறம் செம்புத் தகடு, பிரிட்ஜிலிருந்து ஒரு எர்த் ஒயர். பிரிட்ஜைத் திருகும்போது ஜி கம்பியின் சேடிலை முன்னால் தள்ளி 864-இல் நிறுத்துங்கள். மற்ற மூன்றும் பின்னால் நகர இடம் வேண்டும்.

கம்பி ஏற்றிய அன்றே ராடைத் திருகாதீர்கள். ஒரு வாரம் முழு ஸ்ருதியில் நிற்கட்டும். அப்புறம் ஈ கம்பியை (நான்கில் தடித்தது) முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். கார்டு உரசிக்கொண்டு போனால் சரி. தாராளமாகப் போனால் ராடைக் கால் சுற்று இறுக்கி, மறுநாள் காலை திரும்பப் பாருங்கள்.