மாற்றம் தருவேன் என்ற தலைவரை நம்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 நவம்பர் 14 இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை ஜனாதிபதி அநுர குமார திஸாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. அதற்குப் பிறகு காணி, காணாமல் ஆக்கப்பட்டோர் விடயமாக நடக்கும் கூட்டங்களுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டால் 2015 நினைவுக்கு வருகிறது. அன்று மைத்திரிபால சிறிசேனவைப் பற்றி எங்கள் கூட்டங்களில் சொல்லப்பட்ட அதே வசனங்கள், அதே உற்சாகம். இந்த அரசு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அது போகப்போகத் தெரியும். ஆனால் அதே பள்ளத்தில் இவர்களும் விழுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

மேடைப் பேச்சை நம்பாதே, முகநூலில் வருவதை எல்லாம் பகிராதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒருவரை எதிர்த்துப் போட்ட வாக்கை மற்றவர் மீதான நம்பிக்கையாக்குவது

2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தலில் சிறிசேன 51.28 வீதம் எடுத்தார், அதுவரை ஜனாதிபதியாக இருந்த மஹிந்த ராஜபக்ஷ 47.58 வீதம். வித்தியாசம் ஏறத்தாழ நான்கரை இலட்சம் வாக்குகள். யாழ்ப்பாணத்தில் நான்கில் மூன்று பங்கு வாக்கு சிறிசேனவுக்கு விழுந்தது. வடக்கு கிழக்கு வாக்கு இல்லாவிட்டால் அவர் வென்றிருக்கவே முடியாது.

அந்த வாக்கு மஹிந்தவை இறக்கப் போட்டது. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் முடிவு வந்த காலையிலேயே, இறக்க உதவிய ஆள் எங்கள் ஆள் ஆகிவிட்டார். 2014 நவம்பர் வரை அவர் அதே அரசின் சுகாதார அமைச்சர், அதே கட்சியின் பொதுச் செயலாளர். யுத்தத்தின் கடைசி இரண்டு வாரமும் தானே பதில் பாதுகாப்பு அமைச்சராக இருந்ததாகப் பின்னர் அவரே சொன்னார். இனப்பிரச்சினைக்கு என்ன தீர்வு என்று அவருடைய விஞ்ஞாபனத்தில் திட்டவட்டமாக எதுவும் இல்லை. ஒளித்து வைத்த விடயங்கள் அல்ல இவை. வாக்குப் போடுங்கள், ஆனால் யாருக்கு, எதற்காகப் போட்டோம் என்பதை மறக்காதீர்கள்.

திகதி கிடைத்துவிட்டது என்று ஆறுதல் அடைவது

நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக, 1994இல் ஜனாதிபதியாக வந்த சந்திரிகா குமாரதுங்க சொன்னார். 1995 ஜூலை 15 என்று திகதியும் குறித்தார். அவர் பெயரில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் காப்பு வாங்கிப் போட்ட காலம் அது. அந்த ஜூலை 15 வந்தபோது யுத்தம் மீண்டும் தொடங்கியிருந்தது, ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. அதே வாக்குறுதியை 2005இல் மஹிந்தவும் 2015இல் சிறிசேனவும் கொடுத்தார்கள். 2024இலும் அது வந்திருக்கிறது.

திகதியோடு சேர்த்துக் கேட்க வேண்டியது, இதற்கு எத்தனை வாக்கு வேண்டும், அது யார் கையில் இருக்கிறது என்பது. பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு என்றால் 150. இன்றைய அரசிடம் 159 இருக்கிறது. ஆகவே ஆசனம் போதாது என்ற பதிலை இந்த முறை ஏற்க வேண்டியதில்லை.

"கொஞ்சம் காலம் கொடுப்போம்"

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இதை நினைத்தால்தான்.

2015 டிசெம்பரில் சிறிசேன மல்லாகம் கோணப்புலம் முகாமுக்கு வந்தார். இடம்பெயர்ந்த மக்களின் பிரச்சினையை ஆறு மாதத்தில் தீர்ப்பதாகச் சொல்லிப் போனார். அடுத்த வருடம், இராணுவத்திடம் காணி சிக்கிய வலிகாமம் வடக்குக் காணிக்காரர் சிலரோடு ஒரு கூட்டம். ஆறு மாதமும் முடியப்போகிறது, ஞாபகப்படுத்தி ஒரு மனு அனுப்புவோம் என்று பேச்சு வந்தது. அரசோடு நெருக்கமாக இருந்த ஒருவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். "இப்ப அழுத்தம் குடுத்தால் மஹிந்தவுக்குத்தான் லாபம். நீங்கள் குழப்பினால் பழைய ஆள் திரும்ப வந்திடுவார்" என்றார். பின்வரிசையில் இருந்த ஒரு ஐயா எழும்பினார். முகாமிலேயே வயதாகிப்போன மனிதர். "தம்பி, அந்த ஆள் இருக்கேக்க கேட்டால் புலி எண்டினம். இந்த ஆள் வந்தாப் பிறகு கேட்டால் குழப்பி எண்டுறியள். அப்ப நான் எப்பதான் கேக்கிறது?" யாரிடமும் பதில் இல்லை. மனுவும் போகவில்லை.

இந்த யோசனையின் பிழை எங்கே என்றால், புதிய தலைவரிடம் பலம் அதிகம் இருப்பது முதல் மாதங்களில்தான். ஜனாதிபதியின் அதிகாரங்களைக் குறைத்த 19ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 2015 ஏப்ரல் 28இல் நிறைவேறியது. சிறிசேன பதவி ஏற்று நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதுவும் எந்தப் பாராளுமன்றத்தில்? 2010இல் மஹிந்தவின் கூட்டணி 144 ஆசனம் எடுத்த பாராளுமன்றத்தில். தோற்ற பக்கம் பயந்திருந்தது, வென்ற பக்கம் ஒற்றுமையாக இருந்தது, அதனால் முடிந்தது. அடுத்த மே மாதத்தில், திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் 818 ஏக்கரை முதலீட்டுச் சபைக்கு ஒதுக்கியிருந்த வர்த்தமானியைச் சிறிசேன ரத்துச் செய்தார். அதற்கு ஒரு கையெழுத்துத்தான் தேவைப்பட்டது.

பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். 2015 ஒக்டோபர் 1இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 30/1 தீர்மானத்துக்கு அரசே இணை அனுசரணை கொடுத்தது. யுத்தகால மீறல்களை விசாரிப்பதில் வெளிநாட்டு நீதிபதிகளின் பங்கேற்பு அதில் இருந்தது. நான்கு மாதம் முடிவதற்குள், 2016 ஜனவரியில், வெளிநாட்டு நீதிபதிகளுக்கு இடமில்லை என்று பிபிசிக்கு அவர் சொன்னார். காணாமல் போனோர் அலுவலகச் சட்டம் 2016 ஒகஸ்டில் வந்தது. அதற்கு ஆணையாளர்களை நியமிக்க 2018 பெப்ரவரி ஆகிவிட்டது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கி வேறு சட்டம் கொண்டுவருவதாகவும் ஜெனீவாவில் ஒப்புக்கொண்டார்கள். அவர் பதவியை விட்டுப் போகும்வரை அது நீங்கவில்லை.

காலம் கொடுத்து அலுத்துப்போன, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்தான் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போய் இருந்தார்கள். தேர்தல் முடிந்து இரண்டு வருடம் கழித்து. அந்த ஜூன் மாதம் யாழ்ப்பாணத்தில் ஜனாதிபதி அவர்களைச் சந்தித்து, இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் பட்டியலை வெளியிடச் சொல்வதாகக் கூறினார். பட்டியல் வரவில்லை. அதே கோரிக்கையோடு அதே கூட்டம் 2015 மார்ச்சில் அவர் வாசலில் நின்றிருந்தால் பட்டியல் வந்திருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் "முடியாது" என்ற பதில் இரண்டு வருடம் முன்னதாக வந்திருக்கும். பிள்ளையைத் தேடும் தாய்க்கு இரண்டு வருடம் சின்ன விடயம் இல்லை. பதில் வராமலே கண்ணை மூடிய தாய்மார் இருக்கிறார்கள்.

பழைய ஆளை வரவிடக்கூடாது என்றுதானே வாயை மூடச் சொன்னார்கள்? 2018 ஒக்டோபர் 26 இரவு மஹிந்தவைப் பிரதமராக்கியது சிறிசேனவே. மனு எழுதிய எவரும் அதைச் செய்யவில்லை.

இப்போது "அண்ணை, இப்பதானே வந்திருக்கினம், பொறுங்கோ" என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுவேன். ஜனாதிபதியின் கையெழுத்தாலோ ஒரு வர்த்தமானியாலோ முடியக்கூடியவை ஒரு பக்கம், பாராளுமன்றம் போக வேண்டியவை மறுபக்கம். காணி விடுவிப்பு, பட்டியல், கைதிகளின் விடுதலை முதல் பக்கத்தில் வரும். அவற்றை முதல் நூறு நாளுக்குள் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டை வையுங்கள். மரியாதையாகக் கேட்பதால் எந்த அரசும் கவிழ்ந்ததில்லை.

தலைவரோடு நின்று படம் எடுத்துக்கொள்வது

வேண்டாம்.

எங்கள் பிரதிநிதிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று விடுவது

அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அவ்வளவுதான்.

"எல்லாக் கள்ளரும் ஒன்றுதான்" என்று ஒதுங்குவது

ஏமாந்த பிறகு வரும் தவறு இது. கோபம் நியாயமானது, முடிவு பிழையானது. 2018இல் சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தபோது அதைச் செல்லாது என்று டிசெம்பர் 13இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகச் சொன்னார்கள். பாராளுமன்றம் கூடி நாலரை வருடம் ஆகும் முன் ஜனாதிபதி தன் விருப்பத்துக்கு அதைக் கலைக்க முடியாது என்று அவருடைய காலத்திலேயே வந்த 19ஆவது திருத்தம் சொல்லியிருந்தது. 2020இல் 20ஆவது திருத்தம் அந்த 19ஆவது திருத்தம் தந்தவற்றில் பெரும்பகுதியைப் பிடுங்கியது, 2022இல் 21ஆவது திருத்தம் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. அப்படி இழுபறியில் இருப்பதால்தான் விட்டுவிட்டுப் போகக்கூடாது.

அந்தக் காலத்தில் வந்த இன்னொன்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்கள் காணியை எந்த உத்தரவின் பேரில் வைத்திருக்கிறார்கள், போன வருடம் வாக்களித்த வீதிக்குப் பணம் ஒதுக்கினார்களா என்று பிரதேச செயலகத்திலேயே தமிழில் எழுதிக் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்திலேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அப்புறம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பெறுநர் பெயரைச் சரியாக எழுதுங்கள், தகவல் அலுவலர் என்று பதவியைப் போட்டால் போதும். ஒரு கடிதத்தில் ஒரு விடயத்தை மட்டும் கேளுங்கள்.