வேத வாசிப்பிலிருந்து அன்றாடத் திடன் பெறுவது எப்படி

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் வேதப்புத்தகம் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த, புத்தாண்டுக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். காலையில் கைப்பேசியைத் திறந்தால் பூப்படத்தின் மேல் எழுதிய வசனங்கள் பல பேரிடமிருந்து வந்து குவிந்திருக்கும். ஆயினும் மழையால் ரப்பர் வெட்டு நின்று கூலியில்லாமல் போகும் வாரத்திலோ, வளைகுடாவிலிருந்து பணம் வராத மாதத்திலோ, மருத்துவமனை வராந்தாவில் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் வேளையிலோ, அந்த வசனங்களில் ஒன்றுகூடத் தங்களுக்குக் கைகொடுக்கவில்லையே என்று மனம் வருந்துகிறவர்கள் நம் சபைகளில் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய விசுவாசத்தில் குறை இருப்பதாக நான் எண்ணவில்லை. வசனம் அவர்களிடம் துண்டு துண்டாக வந்து சேர்ந்திருக்கிறது. அது யாருக்கு, எந்த நெருக்கத்தில் சொல்லப்பட்டது என்பது கூடவே வரவில்லை. இந்த ஒரு குறையைச் சரிசெய்துகொண்டால் அன்றாட வாசிப்பு எவ்வளவு பலன் தரும் என்பதையும், அதை எப்படித் தொடங்கி எப்படித் தொடர்வது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

வசனத்தை அதன் அதிகாரத்தோடு வாசியுங்கள்

நம் வீடுகளின் சுவர்களில் அதிகம் காணப்படும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று சொல்லும் அந்த வாக்கு, எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் நடுவில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனமோ, அவர்கள் திரும்பி வருவதற்கு 70 ஆண்டுகள் நிறைவேற வேண்டும் என்று சொல்லுகிறது. கடிதத்தைக் கேட்ட முதியவர்களில் பெரும்பாலோர் அந்தத் திரும்புதலைத் தங்கள் கண்ணால் காணப்போவதில்லை. அப்படிப்பட்டவர்களிடம், வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள் சொல்லுகின்றன. இதையெல்லாம் சேர்த்து வாசித்தவருக்கு 11-ஆம் வசனம் அடுத்த மாதத்துக்குள் கடன் அடைந்துவிடும் என்ற உறுதிமொழியாகத் தோன்றாது. காத்திருக்கும் காலம் நீண்டாலும் அந்தக் காலத்தில் நடுவதற்கும் கட்டுவதற்கும் அர்த்தம் உண்டு என்ற பெரிய ஆறுதலாக அது வந்து சேரும். கடன் அடையாத மாதத்திலும் அந்த ஆறுதல் பொய்த்துப் போவதில்லை.

பிலிப்பியர் 4:13-ஐயும் இப்படியே எடுத்துக்கொள்ளலாம். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற அந்த வரியைத் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கிறோம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் பவுல் அதைக் கட்டுகளோடு காவலில் இருந்தபோது எழுதினார். அதற்கு முந்தின இரண்டு வசனங்களில், பட்டினியாய் இருக்கவும் திருப்தியாய் இருக்கவும், குறைவுபடவும் பரிபூரணமடையவும் தாம் கற்றுக்கொண்டதாகச் சொல்லுகிறார். கற்றுக்கொண்டேன் என்கிறாரே தவிர, பிறக்கும்போதே எனக்கு அந்த மனம் இருந்தது என்று அவர் சொல்லவில்லை. மனரம்மியம் என்னும் மனநிறைவு பழகிப் பெறவேண்டிய ஒன்று என்று பவுலே எழுதியிருப்பது, இன்று காலையில் மனம் கனத்து எழுந்தவருக்கு எத்தனை பெரிய திடன்!

நம் மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. மார்த்தாண்டத்தை அடுத்த நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். குடும்பத்துக்கு நேர்ந்த இழப்புகளால் அவர் மனம் சோர்ந்திருந்தபோது, 1741 குளச்சல் போருக்குப் பின் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படையில் சேர்ந்த, முன்பு டச்சுப் படையில் இருந்த டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார் என்பது இவ்வட்டாரத்தில் எல்லாரும் அறிந்த செய்தி. நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சிறையும் சித்திரவதையும் அனுபவித்தபின் 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். துயரத்தில் இருந்த ஒருவருக்கு டிலனாய் கொடுத்தது ஓர் ஆறுதல் வாக்கியம் மட்டுமாக இருந்திருந்தால், அது பின்னால் வந்த விலங்குகளைத் தாங்கியிருக்குமா என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவருக்குக் கிடைத்தது ஒரு முழு வரலாறு. இழப்பும் கேள்வியும் நண்பர்களின் தவறான அறிவுரையும் கடவுளின் மறுமொழியும் எல்லாம் அடங்கிய வரலாறு.

ஆகவே, கைப்பேசியில் ஒரு வசனம் வந்து உங்கள் மனத்தைத் தொட்டால், அதே நாளில் வேதப்புத்தகத்தை எடுத்து அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். சொன்னவர் யார், கேட்டவர் யார், அப்போது அவர்களுக்கு என்ன நெருக்கடி என்று இந்த மூன்றை மட்டும் கேட்டுப் பார்த்தால் போதும். விளக்கவுரை நூல்கள் இல்லாமலே பெரும்பாலும் அதிகாரத்துக்குள்ளேயே விடை கிடைத்துவிடும்.

வேலையின் நேரத்தோடு பொருத்துங்கள்

அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஜெபித்தால்தான் ஜெபம் என்று சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவருக்கு அது ஏற்கெனவே வேலை நேரம். அவர் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகிறார். வெட்டுத்தடத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்துக் கூடையில் போட்டு, கத்தியால் பட்டையைச் சரிவாக மெல்லச் சீவி, சிரட்டையைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்கிறார். கடைசி மரத்தை வெட்டி முடித்தபின் பால் வடிந்து சேரும்வரை காத்திருந்து, பிறகே வாளியோடு மறுபடி புறப்படுகிறார். அந்த இடைவெளியில் கட்டன்சாயா குடிக்கும் பத்து நிமிடம் ஒரு சங்கீதத்துக்குத் தாராளமாகப் போதும். முந்திரி ஆலைக்குப் பேருந்தில் போகிற பெண்களுக்கு அந்தப் பயணநேரம் இருக்கிறது. எழுத்து தெரியாத பெரியவர்களுக்கும் கண்பார்வை மங்கியவர்களுக்கும் ஒலிவடிவ வேதாகமம் கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கிறது. நாள்தோறும் தவறாமல் வருகிற ஒரு வேலைக்குப் பின்னால் வாசிப்பை வைத்துக்கொண்டால், அதற்கென்று தனியாக நேரம் தேடவேண்டியிராது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, சங்கீதம் 120 முதல் 134 வரையுள்ள 15 ஆரோகண சங்கீதங்களை நான் சொல்லுவேன். ஒன்றைத் தவிர எல்லாமே மிகச் சிறியவை. பழைய எருசலேமுக்கு நடந்து போனவர்கள் வழியில் பாடியவை என்று கருதப்படுகிறவை. கிழக்கே அகத்தியமலைத் தொடரைப் பார்த்தபடி வாழும் நமக்கு, "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்ற 121-ஆம் சங்கீதம் நமக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கும். ஆனால் அடுத்த வரி நம் பார்வையை மலையிலேயே நிற்கவிடாமல், வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரிடம் கொண்டுபோகிறது. அதன்பின் மாற்கு நற்செய்தியின் 16 அதிகாரங்களை நாளுக்கொன்றாக வாசியுங்கள். பிறகு பிலிப்பியரின் 4 அதிகாரங்கள். நாளுக்கு 5 சங்கீதங்கள் வீதம் வாசித்து 150-ஐயும் ஒரு மாதத்தில் முடிக்கிற வழக்கம் நல்லதுதான், ஆயினும் தொடக்கத்திலேயே அதை மேற்கொள்ளுகிறவர்கள் பாதியில் விட்டுவிட்டுக் குற்றவுணர்வில் வீழ்வதை நான் பார்க்கிறேன். சிறிதாகத் தொடங்குவதில் வெட்கமில்லை.

ஒரு நாள் வாசிப்பு விட்டுப்போனால், மறுநாள் இரண்டு பங்காக வாசித்து ஈடுசெய்ய முயல வேண்டாம். அன்றைய பகுதியை மட்டும் வாசியுங்கள். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று புலம்பல் 3:23 கர்த்தரின் இரக்கங்களைப்பற்றிச் சொல்லுகிறது. எரிந்துபோன ஒரு நகரத்துக்காக அழுகிற நூலின் நடுவில் அந்த வரி இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

மனம் எழும்பாத நாட்களில்

துதிக்கிற சங்கீதம் வாயில் வராத நாட்கள் எல்லாருக்கும் உண்டு. அந்த நாட்களில் வேதத்தை மூடிவைப்பவர்கள், தங்களுக்கென்றே எழுதப்பட்ட பகுதிகளைத் தவறவிடுகிறார்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறது 13-ஆம் சங்கீதம்; அதில் 6 வசனங்களே உள்ளன. 88-ஆம் சங்கீதமோ கடைசிவரை வெளிச்சம் தராமல் துயரத்திலேயே முடிந்துவிடுகிறது. இப்படி ஒரு பாட்டும் ஜெபமாக ஏற்கப்பட்டு வேதத்தில் இடம்பெற்றிருப்பதால், நம்முடைய புலம்பலும் கடவுளின் முன் வைக்கத் தகுந்ததே என்று தைரியமாக நம்பலாம். வாய்விட்டு வாசியுங்கள், வீட்டில் ஆள் இருந்தால் மெல்லிய குரலிலாவது வாசியுங்கள்.

42-ஆம் சங்கீதத்தில் பாடுகிறவர் தம்மோடு தாமே பேசுகிறார்: "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்?" அந்தக் கேள்வி அங்கே இரண்டு முறை வருகிறது, 43-ஆம் சங்கீதத்தின் முடிவில் மறுபடியும் வருகிறது. ஒரு முறை சொன்னதில் அவருடைய கலக்கம் தீர்ந்துவிடவில்லை என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். நாமும் ஒரே வசனத்தை வாரம் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதில் குறையொன்றும் இல்லை.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் என்று சொல்லிச் சாவை விரும்பியபோது, தேவதூதன் அவருக்கு முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான். அவர் மறுபடியும் படுத்துத் தூங்கினார். இரண்டாம் முறையும் எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லிச் சாப்பிட வைத்தான். இதை 1 இராஜாக்கள் 19-இல் காணலாம். உறக்கமும் உணவும் கெட்டு, வாரக்கணக்கில் மனம் இருண்டு, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், ஜெபத்தோடுகூட மருத்துவரிடம் போகவேண்டும், வீட்டாரிடமும் சொல்லவேண்டும். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

வீட்டிலும் சபையிலும்

எல்லைப்பகுதி வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாட்டி தமிழ் வேதத்தில் ஊறியவர். மலையாளப் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டி வாசிக்கவே சிரமமாயிருக்கும். இதனால் குடும்ப ஜெபம் சிலருக்கு வெறும் காத்திருப்பாகிவிடுகிறது. அதிகார எண்களும் வசன எண்களும் இரு மொழிகளிலும் பெரும்பாலும் ஒத்தே இருப்பதால், ஒரு வசனத்தைப் பாட்டி தமிழிலும் அடுத்ததைப் பிள்ளை மலையாளத்திலுமாக மாறி மாறி வாசிக்கலாம். வாசித்த பின், "மக்களே, இதுல உனக்குப் புரிஞ்சத அம்மச்சிக்குச் சொல்லு" என்று கேட்டால் பிள்ளையும் ஜெபத்தில் பங்காளியாகிவிடும். இறுதியில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கீர்த்தனையைப் பாடுங்கள். மனம் வறண்ட நாளில் வாசித்தது மறந்தாலும் பாடியது நாவில் தங்கும்.

தனியாக வாசிப்பது மட்டும் போதாது என்பது என் உறுதியான எண்ணம். எபிரெயர் 10:24, 25 வசனங்கள், அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனிக்கவும், சபை கூடிவருதலை விட்டுவிடாமல் ஒருவருக்கொருவர் புத்திசொல்லவும் கட்டளையிடுகின்றன. ஞாயிறு ஆராதனையைவிட வாரநாள் வீட்டு ஜெபக்கூட்டங்களில்தான் இது எளிதாக நடக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் அண்டை வீட்டார் சேர்ந்து கூடும் அன்பியக் கூட்டங்கள் இதே பணியைச் செய்கின்றன. வளைகுடாவில் இருக்கும் மகனுக்கோ கணவருக்கோ படத்தில் எழுதிய வசனத்தை அனுப்புவதைவிட, அன்று வீட்டில் வாசித்த சங்கீதத்தை உங்கள் குரலில் பதிவுசெய்து அனுப்புங்கள்.

துக்க வீட்டுக்கும் நோயாளியிடத்துக்கும் போகும்போது மட்டும் கவனம் வேண்டும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அதுவே, பேசத் தொடங்கிய பிறகுதான் அவரைப் புண்படுத்தினார்கள். இறந்தவருடைய மனைவியிடம் "எல்லாம் நன்மைக்கே, அக்கா" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். முதலில் உட்காருங்கள், அவர் பேசினால் கேளுங்கள். "ஒரு சங்கீதம் வாசிக்கட்டுமா, அக்கா?" என்று அனுமதி கேட்டு, அவர் சரி என்றால் 23-ஐயோ 121-ஐயோ நிதானமாக வாசித்து, விளக்கம் எதுவும் சொல்லாமல் சுருக்கமாக ஜெபித்துவிட்டு, அடுத்த வாரம் எந்த நாளில் வந்து பார்க்கலாம் என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.